பூண்டு வாடை

பொடியார் தெருமுனையில் திரும்பும்போதே தெருவுக்குத் தெரிந்துவிடும். முனைக்கடையில் தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருக்கும் தையல்காரர் தலையைத் தூக்காமலே, "என்ன, மில் விட்டாச்சா?" என்பார். "விட்டாச்சு, விட்டாச்சு" என்று இவரும் நிற்காமல் நடந்துவிடுவார். நின்று பேசினால் தைத்து மாட்டியிருக்கும் துணியெல்லாம் வாடை பிடித்துக்கொள்ளும். தையல்காரர் அதைச் சொன்னதில்லை. இவருக்கே தெரியும்.

சமையல் பொடிகள் அரைத்துப் பாக்கெட் போடும் மில் அது. மிளகாய்த்தூள், மிளகுத்தூள், சுக்குத்தூள், வெங்காயத்தூள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. பூண்டு அறை பொடியாருடையது. மிளகாய் அறையில் இருக்கிறவன் தும்முவான், கண்ணைக் கசக்குவான், குளித்தால் சரியாகிவிடும். பூண்டு அப்படியில்லை. தோலுக்குள் போய்க் குடியேறிவிடும். வியர்த்தால் மறுபடி வெளியே வரும்.

சீவிய பூண்டு வில்லைகளைத் தட்டுகளில் பரப்பிச் சூட்டறையில் காயவைத்து எடுப்பார்கள். எடுத்ததை ஒடித்துப் பார்க்க வேண்டும். ஒடிந்தால் அரைக்கலாம், வளைந்தால் திரும்ப உள்ளே. அரைக்கும்போதும் இயந்திரத்தை ஒரேயடியாக ஓட்டக் கூடாது. சூடேறினால் தூள் பழுப்பாகிக் கசந்துவிடும். மழைக்காலத்தில் பாடு அதிகம். காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் தூள் குடித்துவிடும். காலையில் பார்த்தால் டப்பாவுக்குள் கல்லாய் உட்கார்ந்திருக்கும். பொடியார் அதை மரக்கட்டையால் தட்டி உடைத்து மறுபடி சலிக்கக் கொடுப்பார். மூக்கிலும் வாயிலும் துணி கட்டியிருந்தாலும் புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெளுத்துப்போய்த்தான் வெளியே வருவார்.

வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போய்விடுவாள்.

"அப்படியே பின்னால போங்க. எதையும் தொடாதீங்க. சட்டையை வாளியில போடுங்க. நாற்காலியில உக்காந்தீங்க, அப்புறம் நாற்காலியையும் சேர்த்துத்தான் குளிப்பாட்டணும்."

"ஒரு வாய் தண்ணியாவது குடிச்சுட்டு..."

"குழாயடியிலயே தண்ணி இருக்கு. குளிங்க, அப்படியே குடிங்க."

கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சுதான். அவளும் சும்மா இருப்பவளில்லை. துணி தைக்கும் ஆலை ஒன்றின் உணவுக்கூடத்தில் சமையல். காலையில் போனால் மத்தியானப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவியதும் வீடு. அவள் கைப்பக்குவத்துக்காகவே ஆலையில் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவராதவர்கள் உண்டு. ஒரே மகள் கல்யாணமாகித் தொலைதூரம் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள். மற்ற நாட்களில் வீட்டில் சத்தம் என்றால், சாயங்காலம் இந்தத் திட்டுதான்.

அந்த வருஷம் மழை தொடங்கியதும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கடைப்பு, உடம்புவலி. படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனாள். அவள் எழுந்து நடமாடிய முதல் நாள் பொடியார் மில்லிலிருந்து வந்தார். கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அவர் வாசலிலேயே நின்றார். பிறகு தானாகவே பின்பக்கம் போய்க் குளித்தார். களைப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளும் "வாங்க"தான். அதற்கு அடுத்த நாள், கதவு தாழ் போடாமல் இருந்தது. அவர் உள்ளே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றும் அவள் திரும்பவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். அவள் திடுக்கிட்டுக் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள்.

"இப்படியா வந்து நிப்பீங்க, திருடன் மாதிரி?"

"எப்பவும் போலத்தானே வந்தேன்."

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போனாள். சேர்ந்து சாப்பிடுவதும் நின்றது. "நான் அங்கேயே சாப்பிட்டுட்டேன்" என்று அவருக்கு மட்டும் தட்டு வைப்பாள். அவர் சாப்பிடும்போது அவள் ஜன்னல் பக்கம் போய் நின்று மழையைப் பார்ப்பாள்.

மில்லில் இடைவேளையின்போது, தூள் சலிக்கும் சல்லடைக்காரரிடம் அவர் சொன்னார். அவரும் இவர் வயதுதான். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுல என்னமோ சரியில்லப்பா."

"ஏன், சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் பரவாயில்லையே. திட்டவே மாட்டேங்கறா."

சல்லடைக்காரர் தேநீர்க் குவளையை இறக்கி வைத்தார். "எனக்குப் புரியலை. திட்டலைன்னு வருத்தப்படறீங்களா?"

"குளிக்கச் சொல்லமாட்டேங்கறா. அப்படியே உள்ள விட்டுடறா."

"என் வீட்டுக்காரி ஒரு நாள் அப்படி விட்டாள்னா நான் மில்லுக்கே விருந்து வைப்பேன். நீங்க என்னடான்னா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு... வயசாகுது இல்ல? அவங்களுக்கும் அலுத்துப்போயிருக்கும்."

"அலுத்துப்போச்சுன்னு தோணுதா உனக்கு?"

"நான் சும்மா சொன்னேன்யா. குடிங்க, ஆறுது."

சும்மா சொன்னதுதான் அவர் மனசில் போய் ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் அவர் வேண்டுமென்றே குளிக்கவில்லை. மில் சட்டையோடு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் இங்கும் அங்கும் நடந்தாள், விளக்கைப் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. சட்டையைக் கழற்றி அவள் தலையணை மேல் போட்டார். அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அதே தலையணையில் தலைவைத்துப் படுத்தாள்.

"நான் இருக்கறதும் இல்லாததும் உனக்கு ஒண்ணாப் போச்சு" என்றார் அவர். சொல்லும்போதே குரல் கடுமையாக வந்துவிட்டது.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்த மாதிரி இருந்தது. பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். எப்போது இப்படி இளைத்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை.

மழை விட்டபாடில்லை. ஒரு சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. மில்லில் கரண்ட் போய்விட்டதால் கொஞ்சம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். பொடியார் நனைந்துகொண்டே வந்து கதவைத் திறந்தார். சாரலுக்காக ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே ஒரு வாடை அடித்தது. தன் சட்டைதான் என்று முதலில் நினைத்தார். நனைந்தால் பூண்டு வாடை இன்னும் தூக்கும். குனிந்து காலணியைக் கழற்றினார். கழற்றும்போதே மூக்கு சொல்லிவிட்டது. இது பூண்டு இல்லை. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி, அதைவிடக் கூர்மையாக, நெஞ்சை அடைக்கிற மாதிரி.

சமையலறையில் அவள் மேடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேல் கிழங்குப் பாத்திரம். பொங்கி வழிந்து தீ அணைந்திருந்தது. காஸ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. இருட்டிக்கொண்டு வருகிறதே என்று அவள் எழுந்து சுவர்ப் பக்கம் விளக்கு சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"தொடாதே."

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதேயில்லை. கை அந்தரத்திலேயே நின்றது. அவர் பாய்ந்து காஸை மூடினார். ஜன்னலைத் திறந்தார், பின்கதவைத் திறந்தார், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தார். பட்டாணி தரையெல்லாம் உருண்டது. இரண்டு பேரும் மழையில் நின்றார்கள்.

"காஸ் வாடை அடிக்குது. வாசல் வரைக்கும் அடிக்குது. நீ பக்கத்துல உக்காந்துக்கிட்டு... உனக்கு மூக்கு இல்லையா?"

"இல்லை" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை.

"இல்லைங்க. காய்ச்சல்ல போனது. திரும்பி வரவேயில்ல. ஒண்ணுமே தெரியல எனக்கு."

மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நனைந்த தோள்துண்டைப் பிழிந்து அவள் தலையில் போட்டார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டில் காற்று தெளிந்தபிறகு உள்ளே வந்து துணி மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்கள். அடுப்பை அவள் தொட மறுத்துவிட்டாள். ரொட்டி இருந்தது. அதைப் பிய்த்துத் தின்றார்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சரியாயிடும்னு நெனச்சேன். அப்புறம் சொல்லப் பயமா இருந்தது. சமையல்காரிக்கு மூக்கு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? உங்ககிட்டச் சொன்னா நீங்க சல்லடைக்காரர்கிட்டச் சொல்லுவீங்க. அவரு வீட்டுல சொல்லுவாரு."

"நான் சொல்வேனா?"

"மாட்டீங்களா?"

அவர் இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்தார்.

"அப்ப அங்க எப்படிச் சமைக்கறே?"

"உப்பு நாக்குல தெரியுது. புளிப்பு தெரியுது. காரம் சுடுது. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. பூண்டு போட்டாலும் போடலைன்னாலும் எனக்கு ஒண்ணுதான். பழைய கைக் கணக்குல போடறேன். சாப்பிடறவங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நிப்பேன். யாராவது தண்ணிக் குவளையை எடுத்தாலே காரம் கூடிடுச்சோன்னு எட்டிப் பாப்பேன்." அவள் ரொட்டித் துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள். "சாப்பிடவே பிடிக்கலைங்க. வாயில சூடா இருக்கு, ஈரமா இருக்கு. துணியை மெல்லற மாதிரி இருக்கு."

"அங்கேயே சாப்பிட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

அவள் ரொட்டித் துண்டைக் கீழே வைத்தாள். பிறகு அவள் சொன்னாள்: "எல்லாத்தையும் விடுங்க. நீங்க வர்றது தெரியமாட்டேங்குது. முன்னெல்லாம் நீங்க கதவுக்கு வர்றதுக்குள்ள தெரிஞ்சிடும். வீடு முழுக்க உங்க வாடைதான் இருக்கும், நீங்க இல்லாதப்பகூட. இப்ப திரும்பிப் பாத்தா யாரோ ஒரு ஆளு நிக்கறாரு. பாத்தாத்தான் நீங்கன்னு தெரியுது. நாள் பூரா வேற யார் வீட்டுலயோ இருக்கற மாதிரி இருக்குங்க."

பொடியார் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையணை மேல் சட்டையை வீசியது ஞாபகம் வந்தது.

மருத்துவரிடம் போனார்கள். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, காத்திருக்க வேண்டியதுதான் என்றார் அவர். தினமும் ஏதாவது ஒன்றை மோந்து பார்த்துப் பழகச் சொன்னார். அவள் காலையில் எழுந்ததும் பூண்டுத்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகு மூடி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

சமையலுக்கு வழி பொடியார் கண்டுபிடித்தார். மில்லிலிருந்து தூள்கள் வாங்கிவந்து வீட்டிலேயே கலந்தார். பருப்புக்கு ஒரு கலவை, கறிக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று. ஒரு பெரிய பாத்திரத்துக்கு ஒரு பொட்டலம். பூண்டுத்தூளைக் கடைசியில் தூவ வேண்டும், எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும் என்பதால் அதை மட்டும் தனியாகக் கட்டினார். எதிலும் எழுதவில்லை. கறிக்குச் சிவப்பு நூல், பருப்புக்கு வெள்ளை நூல், முட்டைக்கு நூலே இல்லை.

"முட்டைக்கு ஏன் இல்ல?"

"நூல் தீந்துபோச்சு."

அவள் சிரித்தாள். சிரித்து வெகுநாளாகியிருந்தது.

பொட்டலங்கள் நன்றாகவே வேலை செய்தன. ஆலையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருத்தி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாளாம். அதை அவள் வந்து சொன்னபோது அவளை விடப் பொடியாருக்குத்தான் பெருமை. வாசலுக்கு வரும்போதே அவர் இப்போது இருமிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார். அவள் கேட்டுக்கொண்டதுதான். இல்லாத இருமலைத் தெருமுனையிலேயே அவர் வரவழைப்பதைக் கேட்டுத் தையல்காரர் ஒரு நாள், "நெஞ்சுல சளியா?" என்று கேட்டார். "ஆமா, கொஞ்சம்" என்றார் பொடியார்.

பிறகு கறி விஷயம் நடந்தது.

ஆலை உணவுக்கூடத்தில் அவளுக்கு உதவிக்கு இருந்தவளை வெங்காயக்காரி என்பார்கள். மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்கினாலும் கண்ணில் நீர் வராத பெண். அன்று அவள் வர நேரமாகிவிட்டது. இவளே குளிர்பெட்டியிலிருந்து கறியை எடுத்துக் கழுவிப் பெரிய பாத்திரத்தில் போட்டு வேகவைத்தாள். நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. மழை வெளிச்சம் என்று நினைத்தாள். சிவப்பு நூல் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள். வெங்காயக்காரி குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, என்ன அது?"

"கறிதான். வெங்காயத்தைச் சீக்கிரம் வெட்டு, நேரமாச்சு."

"அக்கா, அதை மூடுங்க. ஐயோ, மூடுங்கக்கா. கெட்டுப்போயிருக்கு." மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தாள். "கரண்ட் போயிருக்கும், பெட்டி வேலை செஞ்சிருக்காது. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு? பக்கத்துல நிக்கவே முடியல."

இவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். வெங்காயக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்தாள். இருவரும் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் குழியில் கொட்டினார்கள். அன்று கிழங்கும் முட்டையும் பரிமாறினார்கள். கரண்ட் இல்லாததால் கறி கெட்டுவிட்டது என்று சொன்னார்கள். அது உண்மைதான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

சாயங்காலம் பொடியார் இருமிக்கொண்டே உள்ளே வந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்லவேளை" என்றார் அவர். "அவ வெளிய சொல்லமாட்டாளே?"

"மாட்டா. தாயிருந்தாக்கூட அப்படிப் பாத்துக்கமாட்டா."

"அப்ப சரி. இனிமே கறியை மட்டும் அவளை எடுக்கச் சொல்லு."

"நான் நாளைக்கு மேனேஜர்கிட்டச் சொல்லிடப் போறேன்."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "எதை?"

"எனக்கு மூக்கு இல்லைங்கறதை."

"பைத்தியமா உனக்கு? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. எல்லாம் நல்லாத்தானே போயிட்டிருக்கு."

"இன்னிக்கு அவ வந்தா. நாளைக்கு வரலைன்னா?"

"வருவா."

"பொடிக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்தீங்க. கெட்டுப்போனதுக்கு என்ன பொட்டலம் கட்டுவீங்க?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணுங்க என் கையை நம்பி உக்காந்து சாப்பிடுதுங்க. வயித்துப் பிள்ளைக்காரி ஒருத்தி இருக்கா. நான் பாத்திரத்தைக் கலக்கிக்கிட்டே அவளைப் பாத்து, 'உனக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்'னு நேத்துத்தான் சொன்னேன்."

"வேலை போயிடும்."

"போகும்."

"அப்புறம் நாள் பூரா இந்த வீட்டுல என்ன பண்ணுவே?"

அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியது.

மறுநாள் பந்தி முடிந்ததும் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் இளவயதுக்காரர், எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பார். அவள் சொன்னதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"எப்பத்திலேருந்து?"

"மழை ஆரம்பிச்சதிலேருந்து, சார்."

"அப்ப நான் இத்தனை நாள் சாப்பிட்டது?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருந்தது, சார்."

அவர் திட்டவில்லை. "உடம்பைப் பாத்துக்கங்கம்மா. சரியானதும் வாங்க" என்றார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வெங்காயக்காரி வாசல்வரை கூட வந்தாள். "கரண்டியை எடுத்துட்டுப் போங்கக்கா, உங்களோடதுதானே" என்றாள். "இருக்கட்டும், இனிமே நீதானே கலக்கணும்" என்று இவள் சொன்னதும், வெங்காயத்துக்குக்கூட அழாதவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் வீட்டில் இருந்தாள். காலையில் துவைப்பாள், பெருக்குவாள், துடைப்பாள். பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு ஜன்னல். மகள் போனில், "இங்க வந்து கொஞ்ச நாள் இரும்மா" என்றாள். "அங்க வந்தாலும் இதே மூக்குதானே" என்றாள் அவள். அடுப்பை மட்டும் அவள் தொடவில்லை. காஸ் பயம் ஒரு பக்கம். அதைவிட, சமைக்கப் பிடிக்கவில்லை.

அதனால் சாயங்காலச் சமையல் பொடியாருக்கு வந்தது. ஊருக்கெல்லாம் பொடி அரைத்தாலும் கரண்டி பிடித்தவரில்லை. பருப்பு ஒரு நாள் அடிப்பிடித்தது, ஒரு நாள் வேகவேயில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "தண்ணி பத்தாது, சத்தத்தைப் பாருங்க" என்பாள். கொதிக்கிற சத்தத்தை வைத்தே சொல்வாள். மெல்ல மெல்ல அவருக்குக் கை வந்தது. தட்டு இரண்டாக வைத்தார். அவளும் உட்கார்ந்து கொஞ்சம் தின்றாள்.

மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு சாயங்காலம். பருப்பும் கிழங்கும் வைத்திருந்தார். அவள் இரண்டு வாய் தின்றுவிட்டு அலமாரியைப் பார்த்தாள்.

"பூண்டு போடலையா?"

அவர் நிமிர்ந்தார். "உனக்கு... தெரியுதா?"

"தெரியல. புது டப்பா வாங்கி வெச்சீங்களே, வாய்த் தாளே பிரிக்காம இருக்கு. எத்தனை நாளா போடலை?"

அவர் கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தார். "நீ ஒண்ணும் தெரியாம தின்னுக்கிட்டிருக்கே. எதிர்ல உக்காந்துக்கிட்டு நான் மட்டும் ருசிச்சுத் தின்னா நல்லாவா இருக்கும்? எனக்கும் வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவள் எழுந்துபோய் டப்பாவை எடுத்து வந்தாள். நகத்தால் தாளைக் கிழித்தாள். அவர் தட்டில் பருப்பின் மேல் தூவினாள். பழைய கைக் கணக்குதான்.

"இந்தத் தியாகமெல்லாம் எனக்கு வேண்டாம். ரெண்டு பேரும் துணியை மென்னுக்கிட்டு உக்காந்திருந்தா இந்த வீட்டுல யாருக்குத்தான் சாப்பாடு? தின்னுங்க."

அவர் ஒரு வாய் எடுத்தார். அவள் முகவாயில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? சொல்லுங்க."

"பூண்டு மாதிரி இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? எப்படின்னு சொல்லுங்க."

ஆயுள் முழுக்கப் பூண்டோடு இருந்தும் அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை. கண்ணை மூடி மெதுவாக மென்றார்.

"முதல்ல மூக்குக்கு ஏறுது. கொஞ்சம் முரட்டுத்தனமா, ஆளைத் தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி. அப்புறம் பருப்புச் சூட்டுல அப்படியே அடங்குது. அடங்கினப்புறம்... ஒரு தித்திப்பு மாதிரி. தித்திப்பு இல்ல. என்னன்னு சொல்றது..." நாக்கை உள்ளுக்குள் புரட்டினார். "தொண்டையில கொஞ்ச நேரம் நிக்குது. போகமாட்டேங்குது."

அவளும் கண்ணை மூடியிருந்தாள். "ம். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. முழுங்கியாச்சு."

"இன்னொரு வாய் எடுத்துக்கிட்டுச் சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் எடுத்தார்.